கான்ஸ்டன்ஸ் கார்டன்-கம்மிங் வழியில் ஒரு நீர்வண்ண நிலக்காட்சி: இடம் பார்ப்பதிலிருந்து சட்டம் போடுவது வரை

வாட்டர்கலர் பழக வருகிறவர்களில் பலர் ஆங்கில ஓவியர் டர்னரின் படங்களில் மயங்கித்தான் வருகிறார்கள். பனியும் ஒளியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடக்கும் அந்தப் படங்களைப் பார்த்து, அதே மாதிரி வரையப் போய், தாள் முழுக்கச் சாம்பல் குழம்பாகி, பிரஷைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டர்னர் எதை முதலில் போட்டார், எதை அப்புறம் போட்டார் என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. ஆரம்பத்தில் நமக்கு வேண்டியது, எந்த வரிசையில் வேலை நடந்தது என்பது படத்திலேயே தெரிகிற ஓவியர். அதற்கு நான் சொல்வது கான்ஸ்டன்ஸ் கார்டன்-கம்மிங்.

1837இல் ஸ்காட்லாந்தின் ஆல்டயரில், பெரிய நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியப் பள்ளி எதிலும் முறையாகப் படிக்கவில்லை. அன்று பெண்களுக்கு அந்த வாசல் சரியாகத் திறந்திருக்கவும் இல்லை. லண்டன் ராயல் அகாடமியின் பள்ளியே 1860இல்தான் முதல் மாணவியைச் சேர்த்தது. வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஓவியர்களிடம், அவர்களில் விக்டோரியா மகாராணிக்குப் பிடித்தமான எட்வின் லாண்ட்சீரும் ஒருவர், கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். முப்பது வயதை ஒட்டி, இந்தியாவில் இருந்த சகோதரியைப் பார்க்கக் கிளம்பியவர், அதற்கப்புறம் பல வருடங்களுக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தார். இமயமலை, இலங்கை, ஃபிஜி, டஹிட்டி, கலிபோர்னியா, ஜப்பான், சீனா, ஹவாய். தினமும் கவனமாக வண்ணமிட்ட ஒரு படமாவது வரையாமல் இருப்பதில்லை என்று தனக்கே ஒரு விதி வைத்திருந்தார். ஆயிரத்துக்கு மேல் வரைந்தார். 1924இல் இறந்தார்.

அவர் டர்னர் இல்லை. சில படங்களில் நிறம் விறைப்பாக இருக்கும், மரங்கள் வரிசையில் நிறுத்தியதுபோல நிற்கும். ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி பதிய வேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இருந்தது. கோடு, வாஷ் (தண்ணீராகக் கரைத்த நிறத்தைப் பரப்பும் பூச்சு), நடுத்தர டோன் (டோன் என்றால் வெளிச்சம், இருட்டின் அளவு), நுணுக்கம் என்று அடுக்கடுக்காகப் போகும் 19ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி முறையில் வேலை செய்தவர். அந்த முறையை நாம் வீட்டில் அப்படியே பழகலாம்.

இந்த வழிகாட்டிக்கு அவர் 1878இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் வரைந்த மிரர் லேக் காட்சியை மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். பாறை, காடு, அசையாத நீர், முன்னால் மனிதர்கள் என்று ஒரு நிலக்காட்சியில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அதில் இருக்கின்றன.

படி 1: உட்காரும் முன் நடங்கள்

கார்டன்-கம்மிங் 1878 ஏப்ரலில் யோசெமிட்டிக்குப் போனபோது மூன்று நாள் தங்குவதாகத்தான் எண்ணம். தங்கியது மூன்று மாதம். அங்கே வரைந்தவற்றை அங்கேயே காட்சிக்கும் வைத்தார். அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த முதல் ஓவியக் கண்காட்சி என்று அதைச் சொல்வார்கள். அவருடைய வேலையில் நான் முதலில் மதிப்பது இந்தத் தங்குதலைத்தான். நம்மில் பலர் போய் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் பேலட்டை, அதாவது வண்ணம் கலக்கும் தட்டை, திறந்துவிடுகிறோம்.

மிரர் லேக் ஒன்றும் பெரிய ஏரி இல்லை. டெனாயா ஓடையில், ஹாஃப் டோம் பாறையின் காலடியில் நீர் தேங்கி நிற்கும் இடம். மணலும் வண்டலும் சேர்ந்து சேர்ந்து இப்போது கோடையில் பெரும்பகுதி வற்றிவிடுகிறது. அன்றைய பயணிகள் அங்கே அதிகாலையில் போவார்கள். வெயில் ஏறினால் காற்று கிளம்பும், நீர் சிலிர்க்கும், பிம்பம் போய்விடும். சுற்றிலும் உயரமான பாறைச் சுவர்கள் இருப்பதால் சூரியன் அங்கே தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கும். ஓவியருக்கு அது லாபம்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடம் உங்கள் ஊர் ஏரியாகவே இருக்கட்டும். முதல் நாள் வரைய வேண்டாம். காலையிலும் மாலையிலும் ஒரு நடை போய், எந்த நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, நீர் எப்போது அசையாமல் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தபால் அட்டை அளவு அட்டையில் நடுவே ஒரு செவ்வகத்தை வெட்டி எடுத்து, அந்தச் சன்னல் வழியே காட்சியைப் பாருங்கள். எவ்வளவு விட்டுவிட வேண்டும் என்பது அப்போதுதான் புரியும். ஹாஃப் டோம் பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் எழும்பி நிற்கிறது. அதையும் அதன் பிம்பத்தையும் ஒரே தாளில் அடக்கப் பார்த்தால் ஏரிக்கே இடம் இருக்காது. அதனால்தான் மிரர் லேக்கை வரைந்தவர்களும் படம் பிடித்தவர்களும் சற்றுத் தள்ளி நிற்கும் மவுண்ட் வாட்கின்ஸ் மலையின் பிம்பத்தைத் தேடிப் போனார்கள். 1861இலேயே பெரிய கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு யோசெமிட்டிக்குப் போன புகைப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸின் பெயர்தான் அந்த மலைக்கு.

படி 2: வண்ணப் பெட்டி

அந்தக் காலத்துப் பெண் ஒருவர் கழுதை மேலும் கப்பலிலும் வண்ணங்களைத் தூக்கிக்கொண்டு போக முடிந்ததற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாட்டர்கலர் கெட்டியான கட்டியாக விற்றது. தேய்த்துத் தேய்த்துத்தான் நிறம் எடுக்க வேண்டும். 1830களில் கிளிசரின் சேர்த்த வண்ணத்தைச் சிறு கிண்ணங்களில் அடைத்த ஈரமான பான்கள் வந்தன. நனைத்த பிரஷால் தொட்டாலே போதும், நிறம் வந்துவிடும். 1841இல் ஜான் காஃப் ராண்ட் நசுக்கக்கூடிய உலோக டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். 1846இல் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற வண்ண நிறுவனம் வாட்டர்கலரை டியூபில் அடைத்து விற்றது. 1834இல் அதே நிறுவனம் துத்தநாக ஆக்சைடில் செய்த சைனீஸ் ஒயிட் என்ற வெள்ளையைக் கொண்டுவந்திருந்தது. கார்டன்-கம்மிங் பயணம் கிளம்பிய 1860களில், இன்று நாம் வாங்கும் பெட்டி கிட்டத்தட்ட முழுதாகவே கடையில் இருந்தது.

ஆரம்பிக்க எட்டு நிறம் போதும்: எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), லைட் ரெட், கோபால்ட் புளூ, ஃபிரெஞ்ச் அல்ட்ராமரின், ஒரு தெளிவான மஞ்சள், ஒரு குளிர்ச்சியான ரோஜா நிறம், விரிடியன் (குளிர்ந்த பச்சை). கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கறுப்புக்கு மிக நெருக்கமான இருட்டு கிடைக்கும், அதில் உயிரும் இருக்கும். கூடவே சிறிய டியூப் வெள்ளை. கௌவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் வகை வாட்டர்கலர்) இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்து போஸ்டர் கலர் வெள்ளைகூடப் பழகுவதற்கு ஆகும்.

பழைய பெட்டியை அப்படியே நகல் எடுக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. அன்றைய சிவப்புகளில் கார்மைன், கிரிம்சன் லேக் போன்றவையும், மஞ்சளில் மரப்பிசினிலிருந்து வந்த காம்போஜும், நீலத்தில் அவுரியும் வெளிச்சத்தில் வெளுத்துப் போகக்கூடியவை. 1888இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் வாட்டர்கலர் நிறங்களை வெளிச்சத்தில் வைத்துச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். அதன் பிறகுதான் இது பெரிய விவாதமானது. பழைய படத்தில் மரங்கள் விசித்திரமாக நீலம் பூத்திருந்தால், பச்சையில் கலந்திருந்த மஞ்சள் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். வானம் காரணமில்லாமல் செம்மையாக இருந்தால், சாம்பலில் இருந்த அவுரி போய், சிவப்பு மண் நிறம் மட்டும் மிஞ்சியிருக்கலாம். ஓவியருக்கு நிற உணர்வு இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. இன்று வாங்கும்போது டியூபில் போட்டிருக்கும் ஒளி தாங்கும் தரத்தைப் பாருங்கள். ரோஜாவுக்கு குயினாக்ரிடோன் வகை நம்பகமானது.

பிரஷ் மூன்று போதும்: வாஷுக்கு ஓர் அங்குல ஃபிளாட் (தட்டை பிரஷ்), 10ஆம் நம்பர் ரவுண்ட் (உருண்டை பிரஷ்), 4ஆம் நம்பர் ரவுண்ட். பெரிய ரவுண்ட் நுனி கூடுவதாக இருக்க வேண்டும். நனைத்து உதறினால் முடி ஒன்றாகச் சேர்ந்து கூராக நிற்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள்.

படி 3: தாள்

பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் தாளில் பிடிக்காதீர்கள். அன்றைய பிரிட்டிஷ் ஓவியர்கள் பருத்தி, லினன் கந்தலில் செய்து, ஜெலட்டின் பூச்சு கொடுத்த வாட்மன் தாளைப் பெரிதும் நம்பினார்கள். அந்தப் பூச்சுதான் வண்ணத்தை மேற்பரப்பிலேயே நிறுத்துகிறது. பூச்சு போனால் தாள் மை ஒற்றும் தாளாகிவிடும். வைத்த இடத்திலேயே நிறம் உறிஞ்சப்பட்டு, வாஷ் ஓடவே ஓடாது.

வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் இது பெரிய பிரச்சினை. பூஞ்சை முதலில் தின்பது அந்த ஜெலட்டினைத்தான். 1870களில் இலங்கையில் இரண்டு வருடம், அப்புறம் ஃபிஜி என்று ஈரத்திலேயே இருந்தவருக்கு இது அன்றாடத் தலைவலியாக இருந்திருக்கும். நமக்கும் அதேதான். மழைக்காலத்தில் தாளை ஜிப் பையில், சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். எடுத்த தாளில் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு குமிழாக நின்றால் தாள் நல்ல நிலையில் இருக்கிறது. உடனே உள்ளே இறங்கிக் கறையானால் அதில் பென்சில் பயிற்சி செய்துகொள்ளலாம்.

நூறு சதவீதப் பருத்தி, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), கோல்ட் பிரஸ்டு (லேசான சொரசொரப்பு உள்ள வகை), ஏ4 அளவு. நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

படி 4: தீப்பெட்டி அளவில் ஒரு முன்னோட்டம்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நோட்டில் தீப்பெட்டி அளவுக் கட்டம் போட்டு, பென்சிலில் மூன்றே டோன்களில் காட்சியை வரையுங்கள்: வெள்ளை, நடு, இருட்டு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கம் மறைந்து டோன் மட்டும் தெரியும். மிரர் லேக் காட்சி என்றால் வானம் வெள்ளை, தூரத்துப் பாறை நடு, கரை மரங்களும் அவற்றின் பிம்பமும் இருட்டு. அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் படம் நிற்கவில்லை என்றால் பெரிய தாளிலும் நிற்காது.

படி 5: பென்சில் கோடு

கார்டன்-கம்மிங்கிடமிருந்து கற்க வேண்டியதில் பாதி இங்கே இருக்கிறது. பாறை எங்கே பிளந்திருக்கிறது, மலைமுகடு எங்கே வளைகிறது என்பதில் அவர் சமரசம் செய்துகொள்ள மாட்டார். யோசெமிட்டியை 1863இலேயே வரைந்த அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் பிரமாண்டத்துக்காகக் காட்சியைத் தாராளமாக ஊதிப் பெருக்கினார். கார்டன்-கம்மிங் அந்தப் பக்கம் போகவில்லை. எது சிறந்த கலை என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பழகுகிறவருக்கு இரண்டாவது வழிதான் பாடம்.

எச்பி பென்சில் எடுங்கள். கையை முழுதாக நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மலையின் உயரத்தைக் கட்டைவிரலால் பென்சிலில் குறியுங்கள். அதே அளவைக் கிடைமட்டமாகத் திருப்பி, அகலம் எத்தனை மடங்கு என்று பாருங்கள். அளந்து பார்த்தால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். நாம் மனத்தால் மலையை உயர்த்திவிடுகிறோம். உண்மையில் காட்சி நாம் நினைப்பதைவிட அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். யோசெமிட்டி போன்ற சில இடங்களில்தான் மனம் சொல்வதும் பென்சில் சொல்வதும் நெருங்கி வரும்.

பிம்பத்தை இப்போதே கோட்டில் தீர்த்துவிட வேண்டும், வண்ணம் வைக்கும்போது யோசிக்கக்கூடாது. பலர் செய்வது மலையைத் தலைகீழாக அப்படியே நகலெடுப்பது. அது தவறு. இரண்டு விதிகள்:

ஒவ்வொரு புள்ளியின் பிம்பமும் அதற்கு நேர் கீழேதான் விழும். மரம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் பிம்பமும் இடப்பக்கமே சாயும்.

கரையோரத்தில் நிற்கும் மரத்தின் பிம்பம், கரைக்கோட்டிலிருந்து அளந்தால் மரத்தின் நீளமே இருக்கும். தூரத்து மலையின் பிம்பமோ கரைக்கோட்டிலிருந்து அளந்தால் மலையைவிடக் குட்டையாகத் தெரியும். காரணம், நம் கண் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. நீர் காட்டுவது நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கண் இருந்தால் பார்க்கும் காட்சியை. அந்தக் கண்ணுக்குக் கரை மரங்கள் மலையை இன்னும் கொஞ்சம் கூடுதலாக மறைக்கும். நின்று வரைந்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தண்ணீரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தால் வித்தியாசம் குறைந்து, பிம்பம் கிட்டத்தட்ட முழு நகலாகிவிடும். அதனால் எங்கே உட்காருகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, கடைசி வரை அந்த உயரத்தை மாற்றாதீர்கள்.

கோட்டை அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் திருத்தினால் தாளின் மேற்பரப்பு கெட்டு, அந்த இடத்தில் மட்டும் வாஷ் இருட்டாகும். களிமண் மாதிரியான நீடட் அழிப்பானால் ஒற்றி எடுங்கள்.

படி 6: முதல் வாஷ்

பலகையின் தலைப்பக்கம் ஒரு புத்தகத்தை வைத்து லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். எல்லோ ஆக்கரில் துளி ரோஜா சேர்த்து, பால் கலந்த தேநீரைவிட வெளிறலாக நிறையக் கலந்து, தாள் முழுக்க மேலிருந்து கீழே இழுத்துவிடுங்கள். ஒவ்வோர் இழுப்பின் கீழோரத்திலும் தண்ணீர் மணி ஒன்று தொங்கும். அடுத்த இழுப்பு அந்த மணியைத் தொட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த மணி காய்ந்துவிட்டால் அங்கே கோடு விழும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

இந்த இளஞ்சூட்டு அடித்தளம் முழுதாகக் காயட்டும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் உள்ளே இருக்கிறது. அப்புறம் கோபால்ட் புளூவை மேலே அடர்த்தியாக ஆரம்பித்து, தொடுவானத்தை நெருங்க நெருங்கத் தண்ணீர் சேர்த்து மெலிதாக்கிக்கொண்டே வாருங்கள். அதே நீலத்தை, சற்று மங்கலாக, ஏரியில் வானம் தெரியும் இடத்துக்கும் இப்போதே கொடுத்துவிட வேண்டும். வானத்தையும் நீரையும் வேறு வேறு நாளில் கலந்த நிறத்தால் வரைந்தால் இரண்டும் ஒட்டாது.

படி 7: தூரத்துப் பாறை

தூரம் போகப் போக நீலம் கூடும் என்பது பாடப்புத்தக விதி. அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. எவ்வளவு நீலம் என்பதைத் தீர்மானிப்பது காற்றிலுள்ள ஈரமும் தூசும். யோசெமிட்டி இருக்கும் சியரா நெவாடா மலைத்தொடரின் வறண்ட காற்றில், பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாறையிலும் விளிம்பு கூராகத் தெரியும். ஸ்காட்லாந்திலும் இலங்கை மலைநாட்டிலும் அடுத்த குன்றே நீலமாகக் கரைந்துவிடும். கார்டன்-கம்மிங் சிவனொளிபாத மலை ஏறியவர், யோசெமிட்டியிலும் உட்கார்ந்தவர். இரண்டு காற்றையும் ஒரே பேலட்டால் சமாளிக்க வேண்டியிருந்தது. உங்கள் இடத்தில் அன்றைக்குக் காற்று எப்படி என்று பார்த்து நிறம் கலங்கள்.

கிரானைட்டுக்கு நல்ல அடிப்படைச் சாம்பல், கோபால்ட் புளூவும் லைட் ரெட்டும். விக்டோரியக் காலத்து ஓவியர்கள் மேகத்துக்கும் இதையே பயன்படுத்தினார்கள். வெயில் படும் முகத்துக்கு அடித்தளத்து மஞ்சளை அப்படியே விட்டுவிடுங்கள். நிழல் முகத்துக்கு மட்டும் சாம்பல். அது காய்ந்ததும் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து இரண்டாவது அடுக்கு. அல்ட்ராமரின் தாளின் குழிகளில் மணல் மணலாகப் படியும் குணமுள்ளது. பாறையின் சொரசொரப்பு தானாக வந்துவிடும். யோசெமிட்டிச் சுவர்களில் நீர் வழிந்த தடங்கள் கரும்பட்டைகளாக மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். அவற்றை அரை ஈரத்தில், 4ஆம் நம்பர் பிரஷின் பக்கவாட்டால் ஒரே இழுப்பில் போடுங்கள். மூன்று, நான்கு போதும். எல்லாப் பட்டையையும் வரைந்தால் பாறை திரைச்சீலை ஆகிவிடும்.

படி 8: காடு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பைன் மரத்தில் இலை வரையாதீர்கள், கூட்டமாக வெளிவடிவம் மட்டும் வரையுங்கள். டியூப் பச்சை வேண்டாம். மஞ்சளோடு அல்ட்ராமரின், இருட்டுக்கு விரிடியனோடு பர்ன்ட் சியன்னா. மேல் விளிம்பு கூராக இருக்கட்டும், அடிப்பகுதி தண்ணீர் தொட்டுக் கரைந்து பனியாகட்டும்.

படி 9: நீர்

இங்கே அவசரம் ஆகாது. முழுப் படமும் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

கண்ணாடிபோல் இருக்கும் நீரிலும் பிம்பம் அசலைப் போல இருக்காது. வெளிச்சமானது நீரில் சற்று மங்கும், இருட்டானது சற்று வெளிறும். அதாவது, வெள்ளைப் பாறையின் பிம்பம் பாறையைவிட அரை டோன் இருட்டு, கரும் மரத்தின் பிம்பம் மரத்தைவிட அரை டோன் வெளிறல். இதை மட்டும் சரியாகச் செய்தால், படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாலும் எது நீர் என்று தெரிந்துவிடும்.

வேலை வரிசை இப்படி: ஏரிப் பகுதியைச் சுத்தமான தண்ணீரால் நனைத்து, பளபளப்பு போய் மினுமினுப்பு மட்டும் மிஞ்சும்வரை காத்திருங்கள். பாறையின் பிம்பத்துக்கான சாம்பலை மேலிருந்து கீழாக இழுங்கள், கிடைமட்டமாக வேண்டாம். உடனே மர பிம்பத்தின் இருட்டையும் அதே திசையில். விளிம்புகள் கொஞ்சம் பரவட்டும். இப்போது பிரஷைக் கீழே வையுங்கள். திருத்த வேண்டும் என்று கை துடிக்கும். ஈரத்தில் இரண்டாம் முறை தொட்டால் காலிஃபிளவர் மாதிரிக் கறை விழும். அதைச் சரி செய்யவே முடியாது.

காய்ந்ததும், நனைத்துப் பிழிந்த ஃபிளாட் பிரஷின் ஓரத்தால், கிடைமட்டமாக இரண்டு மூன்று மெல்லிய கோடுகள் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றி நிறத்தை எடுங்கள். காற்று லேசாகத் தொட்ட இடம் அது. பிம்பத்தில் இருக்கும் செங்குத்து இழுப்புகளை இந்தக் கிடைமட்டக் கோடுகள் வெட்டும்போதுதான் நீருக்கு மேற்பரப்பு வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் டிஷ்யூ இல்லை. துணியாலும் ரொட்டித் துணுக்காலும் ஒற்றி எடுத்தார்கள்.

கரைக்கோடு மட்டும் கூர்மையான ஒரு வெளிச்சக் கோடாக இருந்தால் நல்லது. பேனாக்கத்தியின் நுனியால் காய்ந்த தாளை லேசாகச் சுரண்டினால் அடியிலுள்ள வெள்ளை வெளிப்படும். பழைய ஓவியர்கள் அருவிக்கும் நீர்த்திவலைக்கும் இதையே செய்தார்கள். தாள் நல்ல தாளாக இருந்தால் மட்டும் இதில் கை வையுங்கள்.

படி 10: முன்புறமும் மனிதர்களும்

மிரர் லேக்கில் கார்டன்-கம்மிங் ஏரியையும் பாறையையும் மட்டும் வரைந்துவிட்டு எழுந்திருக்கலாம். பயணிகளுக்கு விற்ற பெரும்பாலான படங்கள் அப்படித்தான். அவர் அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களின் அன்றாடத்தையும் சேர்த்து வரைந்தார். அந்த மக்கள் சீடர் மரப்பட்டைகளைக் கூம்பாகச் சாய்த்து வீடு கட்டியவர்கள், ஓக் மரக் கொட்டைகளைக் குதிர் போன்ற அமைப்புகளில் சேமித்தவர்கள். 1851இல் படை அனுப்பி அவர்களை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து துரத்தினார்கள். பலர் திரும்பி வந்தார்கள். 1878இல் அவர்கள் அங்கே இருந்ததற்கு அந்தப் படமும் ஒரு சாட்சி.

ஆனால் அவர் பார்வை எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஃபிஜிக்கு அவர் போனது அங்கே வந்த பிரிட்டிஷ் ஆளுநரின் குடும்பத்தோடு, 1875இல். அதே வருடம் தட்டம்மை அந்தத் தீவு மக்களில் ஏறக்குறைய கால்பங்குப் பேரைக் கொன்றது. இலங்கையில் தங்கியது கொழும்பு பிஷப்பின் விருந்தாளியாக. பூர்வகுடிகளைப் பற்றி அவர் எழுத்தில் அந்தக் காலத்து மேட்டிமை அடிக்கடி தலைகாட்டும். தூரிகை பல இடங்களில் எழுத்தைவிட நியாயமாக நடந்துகொண்டது என்பது என் எண்ணம். கையை மலைமேல் எவ்வளவு கவனமாக ஓட்டினாரோ அதே கவனத்தோடு ஒரு குடிசைக் கூரைமேலும் ஓட்டினார்.

நம் படத்துக்கு வருவோம். மனித உருவம் அளவுகோலாக வேலை செய்யும். தலையில் ஆரம்பிக்காதீர்கள்; உடலை ஒரே பிரஷ் தொடுதலில் கேரட் வடிவில் வைத்து, மேலே ஒரு புள்ளி தலை. நீங்கள் சமதரையில் நின்று வரைந்தால், நிற்கும் மனிதர்களின் தலைகள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் உங்கள் கண்மட்டத்தை ஒட்டியே வரும்; பாதம் மட்டும் ஏறி இறங்கும். இதைப் பிடித்துக்கொண்டால் உருவங்கள் அந்தரத்தில் மிதக்காது. முன்புறப் புல், காய்ந்த கிளை, துணியில் படும் வெயில் ஆகியவற்றுக்கு இப்போது வெள்ளையைத் திறக்கலாம். மஞ்சள் கலந்த வெள்ளை, சுத்த வெள்ளை அல்ல. வாட்டர்கலரில் வெள்ளை தொடவே கூடாது என்பவர்கள் உண்டு. கார்டன்-கம்மிங் காலத்தில் பலரும் தயக்கமில்லாமல் தொட்டார்கள். சைனீஸ் ஒயிட் அதற்காகத்தான் வந்தது. வானத்தில் மட்டும் வேண்டாம், சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும்.

படி 11: எதை அங்கே முடிப்பது, எதை வீட்டில்

வெளிச்சம் ஒரே மாதிரி இருப்பது இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் கோடு, முதல் வாஷ், நிழல்களின் எல்லை மூன்றும் முடிந்திருக்க வேண்டும். நிழல் நகர்ந்த பிறகு அதைத் துரத்தாதீர்கள். மிச்ச இடங்களில் பென்சிலால் எழுதிவையுங்கள்: ‘இங்கே சாம்பல், கொஞ்சம் ரோஜா’, ‘இந்த மரம் அதைவிட இருட்டு’. பயணத்தில் வரைந்தவர்கள் பலரின் ஓவியப் புத்தகங்களில் இப்படிக் குறிப்புகள் இருக்கும். அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போய் உட்கார முடிந்தால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. கைபேசிப் படம் வடிவத்துக்கு உதவும். நிழலின் நிறத்துக்கு அதை நம்பாதீர்கள். நிழலை அது கறுப்பாக்கிவிடும்.

படி 12: பின்பக்கம், சட்டம்

தாளின் பின்னால் பென்சிலில் இடம், தேதி, நேரம், எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தீர்கள் என்று எழுதுங்கள். இன்று ஒரு ஏரியின் பரப்பு 1878இல் எவ்வளவு இருந்தது என்று பழைய ஓவியத்தை வைத்துப் பேச முடிவதற்கு இந்த மாதிரி ஒரு வரிதான் உதவுகிறது. பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவரும்.

சட்டம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவே அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும். கடைக்காரர் சாதாரணச் செல்லோடேப்பால் ஒட்டப் பார்ப்பார்; தடுத்துவிடுங்கள், சில வருடத்தில் பழுப்புக் கறை படியும். மேலோரத்தில் மட்டும், காகித டேப்பும் மாவுப் பசையும் போதும். அருங்காட்சியகங்கள் வாட்டர்கலருக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கொடுப்பதில்லை, காட்சிக்கு வைத்தாலும் சில மாதங்களில் எடுத்து இருட்டில் வைத்துவிடுவார்கள். வீட்டில் லக்ஸ் அளக்க வேண்டியதில்லை. சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, சன்னல் இருக்கும் அதே சுவரில் மாட்டுங்கள். வெளிப்பக்கச் சுவரானால் மழைக்காலத்தில் ஈரம் ஏறும், அப்போது மட்டும் கழற்றி அலமாரியில் படுக்க வைத்துவிடலாம்.